நூற்றைம்பது தேக்கரண்டிகளை ஊட்டப்போவது யார்?

பத்துக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தை. வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றத் தொடங்கிவிட்டது. ஆனால் இன்னும் குடிக்க முடிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் வீதம் உப்புச் சர்க்கரைக் கரைசலை நான்கு மணி நேரத்தில் அதற்குக் கொடுத்தாக வேண்டும். மொத்தம் 750 மில்லிலிட்டர். அவசரப்பட்டு மடமடவென்று புகட்டினால் வாந்தியாக வெளியே வந்துவிடும். ஆகவே தேக்கரண்டியில்தான் கொடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி ஐந்து மில்லிலிட்டர் என்றால் 150 தேக்கரண்டி. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று, நான்கு மணி நேரம், விடாமல்.

இந்தக் குழந்தையைப் பார்த்து முடிவெடுக்க மருத்துவருக்குச் சில நிமிடங்கள் போதும். கரைசல் பொட்டலத்தின் விலையும் அற்பம். மீதி முழுவதும் தாதிமைப் பணி. பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். கண் குழி விழுகிறதா, சிறுநீர் போகிறதா, பிள்ளை துவள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வட சிலாங்கூரின் புக்கிட் செந்தோசாவில் அந்த நான்கு மணி நேரம் யார் கையில் இருக்கிறது? அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருக்கிறார். அப்பா லோரி ஓட்டப் போயிருக்கிறார், அல்லது தன்னுடைய ஷிப்டை முடித்துவிட்டு அசந்து தூங்குகிறார். குழந்தை பாட்டியிடமோ, இரண்டு வீடு தள்ளிப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காவிடமோ இருக்கிறது. வட சிலாங்கூரில் குழந்தை நலம் என்ற பேச்சு வந்தால், எத்தனை கிளினிக், எத்தனை மருத்துவர் என்றுதான் நாம் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குழந்தைகளின் வயிற்று நோய்களில் பெரும்பாலானவற்றை ஆற்றுவது மருந்தைவிடக் கவனிப்புதான். அதைச் செய்யும் கைகளுக்கு நேரமும் பயிற்சியும் பக்கபலமும் கொடுக்காமல் கட்டடங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போவதில் பெரிய பயன் இல்லை.

ஆயாக் கொட்டகையும் டிரஸ்ஸரும்

வேலைக்குப் போகும் தாய், பிறர் கையில் குழந்தை என்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. ரப்பர் தோட்டங்களில் பெண்கள் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போனார்கள். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடந்தன. பால் வெட்ட முடியாத வயதுக்கு வந்துவிட்ட ஒரு பெண்மணி அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். தோட்ட நிர்வாகங்கள் மருத்துவமனை வைத்திருக்க வேண்டும் என்று காலனி காலத் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. அங்கே அன்றாடம் நோயாளிகளைப் பார்த்தவர் டிரஸ்ஸர் என்று நம்மவர்கள் அழைத்த மருத்துவ உதவியாளர். இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது.

அதைப் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. மலேரியாவோடு வயிற்றுக்கடுப்பும் பேதியும் கொக்கிப்புழுவும் சேர்ந்து தோட்டத்துப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலமும் அதுதான். டிரஸ்ஸர் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவர். ஆயாவுக்கு யாரும் எதையும் கற்றுத் தரவில்லை. ஆனாலும் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் நடக்கிற தூரத்தில் ஓர் ஆள் இருந்தார். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, அரைகுறையாகவேனும் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாடு உருவாக்கிய கிராமச் சுகாதார அமைப்பை உலகமே பாராட்டியது. கம்பங்களில் கிளினிக் டேசா எழுந்தது. மிஸ்ஸி என்று நம்மவர்கள் அழைக்கும் பயிற்சி பெற்ற தாதி வீடுவீடாகப் போனார். தோட்டமோ தனியார் நிலம். நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று அரசு ஒதுங்கியது. சட்டம் கேட்டதற்கு மேல் ஒரு காசும் செலவழிக்க நிர்வாகத்துக்கு அவசியம் இல்லை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் குறைந்தபட்ச வரையறைகளை வகுத்தபோது, சிலாங்கூரின் தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் மேம்பாட்டு நிலங்களாக மாறிக்கொண்டிருந்தன. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்த கதை வாசகர்கள் அறிந்ததே.

1990-களில் எழுந்த புக்கிட் செந்தோசாவும் புக்கிட் பெருந்தோங்கும் தோட்டங்களை விட்டு வந்த பலருக்குக் கைக்கு எட்டிய விலையில் வீடு கொடுத்தன. நெடுஞ்சாலை பக்கத்தில், தொழிற்சாலை வேலை பக்கத்தில். வீட்டோடு ஆயாக் கொட்டகை வரவில்லை, டிரஸ்ஸரும் வரவில்லை. நகரத்தில் அவற்றின் இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

பங்கான் முகாம் சொன்ன பாடம்

கவனிப்புதான் மருந்து என்பதற்கு வரலாற்றில் மிகப் பெரிய சாட்சி 1971-ஆம் ஆண்டு. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் நிரம்பிய பங்கான் முகாமில் காலரா பரவியது. கொல்கத்தாவிலிருந்து வந்த மருத்துவர் திலீப் மகாலானபிஸ் கையில் இருந்த நரம்புவழித் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. சமையல் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டித் தண்ணீரில் கரைத்தார்கள். நோயாளிகளின் தாய்மாரிடமும் உறவினர்களிடமும் கொடுத்து ஊட்டச் சொன்னார்கள். முகாமில் முப்பது விழுக்காடு வரை இருந்த இறப்பு, நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1978-இல் லான்செட் மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மகாலானபிஸ் 2022-இல் காலமானார்.

அதன் அறிவியல் எளிமையானது. பேதியில் குடல் தண்ணீரைத் தனியாக உறிஞ்சத் திணறுகிறது. ஆனால் குளுக்கோஸோடு சேர்ந்து வரும் உப்பை அப்போதும் உள்ளே விடுகிறது. உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது. இரண்டும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சர்க்கரை மிகுந்தால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளும். இன்று உலகம் முழுவதும் பரிந்துரைக்கப்படும் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கின்றன. இந்தப் புதிய கலவையோடு பத்து முதல் பதினான்கு நாள் துத்தநாகமும் கொடுக்க வேண்டும் என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டாக அறிவித்தன.

பங்கானில் நடந்ததை வங்கதேசத்தின் பிராக் அமைப்பு ஒரு நாடு முழுவதும் செய்து காட்டியது. 1980 முதல் பத்தாண்டுகளில் அதன் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், உப்பும் வெல்லமும் கலந்த கரைசலைத் தாய்மாரின் கையாலேயே செய்ய வைத்தார்கள். அந்த ஊழியர்களுக்கு ஊதியம் கொடுத்த விதம்தான் கவனிக்கத்தக்கது. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை வைத்து மட்டும் பணம் கொடுக்கவில்லை. பின்னால் ஒருவர் போய்ச் சோதித்துப் பார்த்தபோது தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ, அதைப் பொறுத்தே ஊதியம் கூடியது, குறைந்தது. சொல்லிக் கொடுப்பது வேறு, மனத்தில் தங்கும்படி செய்வது வேறு என்பதை ஓர் ஏழை நாட்டு அமைப்பு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கணக்கில் எடுத்தது.

நம் கிளினிக்குகளில் என்ன நடக்கிறது? ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம், பொட்டலமும் கிடைக்கும். ஆனால் அதை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று வீட்டில் கரைக்கப்போகும் ஆளிடம் யாராவது செய்து காட்டுகிறார்களா? மலேசியாவில் கிடைக்கும் பொட்டலங்களில் பல 250 மில்லிலிட்டருக்கானவை. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பொட்டலம் ஒரு லிட்டருக்கானதாக இருக்கலாம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்தால் உப்பு அளவுக்கு மீறும், அது ஆபத்து. பாதியை இன்று, பாதியை நாளை என்று பிரித்துக் கரைத்தாலும் அளவு தவறும். கொதித்து ஆறிய தண்ணீர், உறையில் எழுதிய அளவு, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுவது: இந்த மூன்றையும் கற்றுக்கொள்ளக் கால் மணி நேரம் போதும். ஆனால் கற்றுக்கொள்பவர், கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கி வந்தவராக மட்டும் இருந்தால் போதாது; வீட்டில் பிள்ளையோடு இருப்பவராக இருக்க வேண்டும்.

பாட்டியின் கைவைத்தியம்

வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பாட்டி. மருத்துவத் துறையினர் பாட்டியைப் பற்றிப் பேசும்போது ஓர் ஏளனம் எட்டிப்பார்க்கும். அது நியாயமல்ல. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரைப் பேதிக்குக் கொடுத்தவர் பாட்டிதான். கஞ்சியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லச் சர்க்கரையாக உடைகிறது. அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல் காலராவில் நன்றாக வேலை செய்வதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. பிள்ளையின் முகத்தைப் பார்த்தே வாட்டத்தைச் சொல்லிவிடும் கண்ணும் பாட்டிக்கு உண்டு. அந்தக் கண்ணுக்கு இன்னும் நாலைந்து அடையாளங்களைச் சேர்த்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

கைவிட வேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும். பேதியாகும்போது வயிற்றைக் காயப்போடும் பழக்கம் முதலாவது. பட்டினி கிடக்கும் குடல் சீக்கிரம் ஆறுவதில்லை. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மற்ற உணவையும் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாகவே ஊட்ட வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியக் குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று காட்டியது. அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும், ஒவ்வொரு முறையும் நோய் தின்ற எடையைத் திரும்ப ஏற்றாமல் விடுவதும் இப்படிப்பட்ட வளர்ச்சிக் குறைவுக்கு வழி திறக்கும் காரணங்களில் அடங்கும்.

மாந்தம் என்று விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவுவது, ஏற்கெனவே நீர் இழக்கும் உடலிலிருந்து மேலும் நீரைப் பிடுங்குவது. தொக்கம் விழுந்தது என்று தொண்டையில் குழலிட்டு ஊதி எடுப்பதும், உரம் எடுக்கிறோம் என்று பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் காயத்தில் முடியலாம். அதைவிடப் பெரிய தீங்கு, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரத்தை அவை விழுங்கிவிடுவது. ஒரு வயதுக்கு முன் நாக்கில் தேன் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷத்தைச் சிசுவின் குடல் தாங்காது. அதேசமயம் வயிற்றில் இதமாக எண்ணெய் தடவுவதால் கெடுதல் இல்லை. பிள்ளைக்கு அது ஆறுதல். எதைத் தடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் பேச்சைத்தான் பாட்டி கேட்பார்.

புதிய தலைமுறைக்கும் அதற்கே உரிய மூடநம்பிக்கைகள் உண்டு. டின்னில் வரும் ஐசோடானிக் பானம் பேதிக்கு மருந்து என்பது அவற்றில் ஒன்று. விளையாட்டு வீரரின் வியர்வைக்காகச் செய்த பானத்தில், பேதியில் போகும் உப்பை ஈடுகட்டுமளவு உப்பு இல்லை. சர்க்கரையோ தேவைக்கு அதிகம். பேதியை உடனே நிறுத்தும் பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது இன்னொன்று. அது குழந்தையின் குடலையே முடக்கிவிடக் கூடும். பெம்பர்ஸ் பழக்கத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பேதியின் நீரையும் சிறுநீரையும் அது சேர்த்தே உறிஞ்சிவிடுவதால், பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. நோயுள்ள நாள்களில் துணி கட்டுவது நல்லது. இல்லையென்றால் உள்ளே சிறிது பஞ்சை வைத்துப் பார்க்கலாம். மணிக்கணக்காகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியவில்லை, குடிக்கவும் தெம்பில்லாமல் துவள்கிறது என்றால் தேக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

டின் பாலுக்கு எதிராக ஒரு குரல்

குழந்தையின் வயிறு வீட்டுக்குள் மட்டும் கெடுவதில்லை, சந்தையிலும் கெடுகிறது. இதை உரக்கச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று நம் பக்கத்திலிருந்துதான் எழுந்தது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ஆற்றிய உரைக்குத் தலைப்பு ‘பாலும் கொலையும்’. இனிப்பூட்டிய டின் பாலைச் சிசுக்களுக்கு உகந்தது என்று தாய்மாரிடம் விற்றார்கள்; விற்பவர்களுக்குத் தாதியர் உடை போட்டு அனுப்பினார்கள். அதனால் விளையும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அவர் வாதாடினார். ஆப்பிரிக்கப் பொற்கரையில் குவாஷியோர்கர் என்ற புரதக் குறை நோயை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டியவரும் இவரே. பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறிமுறை 1981-இல்தான் வந்தது. இன்று தாதி வேடம் இல்லை. கைப்பேசித் திரையில் சிரிக்கும் தாய் இருக்கிறார். 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து ஷிப்டுக்குத் திரும்பும் பெண்ணுக்குப் பாலைப் பிழிந்து சேர்க்க ஓர் அறையும் குளிர்பெட்டியும் இடைவேளையும் இல்லையென்றால், மாவுப் பாலைத் தவிர வேறு வழி எது? மாவு விலை ஏறும்போது கரண்டி குறைகிறது, தண்ணீர் கூடுகிறது. பாட்டில் கழுவத் தண்ணீர் இல்லாத நாளில் பேதி வருகிறது. தண்ணீர் இல்லாத நாள் கற்பனையல்ல. 2020 செப்டம்பரில் ராவாங் அருகே சுங்கை கோங் மாசுபட்டு, சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளும் மூடப்பட்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் நின்றது. உலு சிலாங்கூரும் கோல சிலாங்கூரும் அந்தப் பட்டியலில் இருந்தன. அணையும் ஆறும் நம் மாவட்டத்தில். அன்று வாளியோடு லோரிக்குக் காத்திருந்தவர்களில் நம் மக்களும் இருந்தார்கள். கிருமிநாசினி ஜெல் வயிற்றுக் கிருமிகள் சிலவற்றிடம் தோற்றுப்போகும். சோப்புக்கும் ஓடும் தண்ணீருக்கும் மாற்று இல்லை.

மலத்தின் நிறத்தைக் கேட்கும் மிஸ்ஸி

வயிற்றுக் கோளாறு என்றாலே பேதி அல்ல. பிறந்து 48 மணி நேரமாகியும் முதல் மலம் வெளியேறவில்லை என்றால், குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்பிரங் நோயாக இருக்கலாம். பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் சிசு, வேறெந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், அறுவை சிகிச்சை மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய சிசு. விட்டுவிட்டு வீறிட்டு அழுது, மலத்தில் இரத்தமும் சளியும் போனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருக்கலாம். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை தணியாமல், மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்துப் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதைச் சரிசெய்ய ஜப்பானின் மொரியோ கசாய் 1959-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சை, சிசுவுக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால்தான் நல்ல பலன் தருகிறது. தைவான் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மாருக்கு மல நிற அட்டையைக் கொடுத்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது.

பிரசவத்துக்குப் பிறகு முதல் முப்பது நாளில் வீட்டுக்கு வந்து பார்க்கும் சமூகத் தாதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். எடையைப் பார்க்கிறார், தொப்புளைப் பார்க்கிறார். மலத்தின் நிறம் என்ன, வாந்தியின் நிறம் என்ன என்ற கேள்விகள் ஒவ்வொரு வருகையிலும், தாய்க்குப் புரியும் மொழியில் கேட்கப்பட வேண்டும். குடலில் சிகிச்சை முடிந்து, வயிற்றில் துளையிட்டு மலப்பை பொருத்தியோ மூக்கு வழிக் குழாயோடோ வீடு திரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் ஒரு வாரம் தேர்ந்த தாதியர் குழு செய்த வேலையை, திடீரென்று ஓர் அம்மா தனியாக அடுக்குமாடி வீட்டில் செய்ய வேண்டியிருக்கிறது. பையைச் சுற்றித் தோல் புண்ணானால் யாரைக் கேட்பது? செலாயாங், சுங்கை பூலோ மருத்துவமனைகளுக்கு ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஓட முடியாது. கோல குபு பாரு மாவட்ட மருத்துவமனையோடு தொடர்புள்ள ஒரு வீட்டுத் தாதியர் சேவையில் இப்படிப்பட்ட பிள்ளைகள் முதலிடம் பெற வேண்டும்.

பள்ளி வயதில் கோளாறு தலைகீழாகிறது, மலச்சிக்கல். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் பிள்ளை அடக்கிவைக்கிறது. மலம் இறுகுகிறது, போகும்போது வலிக்கிறது, வலிக்குப் பயந்து இன்னும் அடக்குகிறது. நாள்பட்டால் குடல் விரிந்து உணர்விழந்து, இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையில் படுகிறது. வீட்டில் அடி விழுகிறது, வகுப்பில் கேலி. அந்தப் பிள்ளைக்குத் தேவை மாதக்கணக்கில் மலமிளக்கி, சாப்பிட்ட பின் கால் ஊன்றி உட்காரப் பத்து நிமிடம், அதட்டாத பெரியவர் ஒருவர், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. 2023-இல் கல்வி அமைச்சு பள்ளிக் கழிப்பறைச் சீரமைப்பை முதன்மைப் பணிகளில் ஒன்றாக எடுத்தது. சீரமைத்ததைச் சுத்தமாக வைத்திருக்கும் செலவு ஒவ்வோர் ஆண்டும் வரும். நம் பள்ளி வாரியங்கள் கண்ணில் வைத்திருக்க வேண்டியது அதைத்தான்.

பொறுப்பைப் பிரித்துக்கொள்வோம்

வருமுன் தடுப்பதில் பெரிய ஓட்டை ரோட்டா வைரஸ் தடுப்பூசி. 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறிந்த இந்த வைரஸ்தான் உலகெங்கும் சிறு குழந்தைகளின் கடும் பேதிக்கு முக்கியக் காரணம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் பங்கேற்ற சோதனைகளில் தேறிய ரோட்டாவாக் மருந்தோடு இந்தியா 2016-இல் தன் இலவசத் திட்டத்தைத் தொடங்கியது. 2020-இல் நியூமோகோக்கல் தடுப்பூசியை இலவசமாக்கிய மலேசியா, அப்போது ரோட்டாவுக்கு இடம் தரவில்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுக்க முடிந்தவரின் பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு என்ற நிலையை நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேள்வியாக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காக்கள். 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு பிள்ளைகளிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்பவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர். அபராதத்தோடு அவர் கதவைத் தட்டினால் சேவை மறைந்துபோகும். அவரை நம்பி ஷிப்டுக்குப் போகும் பெண்கள் வேலையை இழப்பார்கள். தன்விருப்பப் பதிவு, உதவித்தொகையோடு இரண்டு நாள் பயிற்சி, கரைசல் பொட்டலங்களும் வெப்பமானியும் உள்ள ஒரு பெட்டி, இரவில் தமிழிலும் மலாயிலும் பேசக்கூடிய ஒரு தாதியின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு போனால் கதவு திறக்கும்.

மூன்றாவது, முதலாளிகள். 2023 சனவரியில் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் தாய்க்கு 98 நாளும் தந்தைக்கு ஏழு நாளும் கொடுத்தது. நெகிழ்வான வேலை நேரம் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி செய்தது. ஆனால் பிள்ளைக்கு நோய் என்று சம்பளத்தோடு ஒரு நாள் எடுக்கும் உரிமை அதில் இல்லை. பேதியில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்க அம்மா எம்சி என்னும் மருத்துவ விடுப்பு எடுக்க வேண்டுமென்றால், தனக்கு நோய் என்று பொய் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சில நாளாவது, தாய் தந்தை இருவருக்கும், இந்த விடுப்பு வேண்டும். தந்தைக்கும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேக்கரண்டி பிடிப்பது பெண்ணின் வேலை என்று எந்த மருத்துவ நூலிலும் எழுதியிருக்கவில்லை; பெண்கள் வேலைக்குப் போவதால்தான் பிள்ளைகள் கெடுகின்றன என்று புலம்பும் ஆண்கள் முதலில் கரைசல் கலக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

தாதியரைக் கம்பங்களுக்கு அனுப்பியே பேறுகால மரணத்தைக் கீழே கொண்டுவந்த நாடு இது. ஆகவே அரசிடம் கேட்பது அது அறியாத ஒன்றை அல்ல. ஆனாலும் சட்டமும் தடுப்பூசியும் விடுப்பும் புத்ராஜெயாவிலிருந்து வந்து சேர நாளாகும். பயிற்சிக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. புக்கிட் செந்தோசாவிலும் புக்கிட் பெருந்தோங்கிலும் ஆலயங்கள் இருக்கின்றன, மண்டபங்கள் இருக்கின்றன, தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன, நம் சமூகத்தில் ஓய்வுபெற்ற தாதியர் நிறையவே இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டிகளையும் பிள்ளை பார்க்கும் அக்காக்களையும் இளம் தந்தையரையும் உட்கார வைத்து, தங்கள் கையால் கரைத்துக் காட்டச் சொல்லலாம். பிராக் ஊழியர்களைப் போல ஒரு மாதம் கழித்துப் போய், நினைவிருக்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும். திருவிழா அன்னதானத்துக்குத் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு, அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு கைக்குழந்தையின் வீட்டிலும் சில கரைசல் பொட்டலங்களை வைத்துவிடும். அதற்கு அமைச்சரின் கையெழுத்து வேண்டாம். ஆலய நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.